சோத்து ஆக்கள், மெழுகுதிரி ஆக்கள்

போன சனிக்கிழமை காலை. மீனை அலம்பிச் சட்டியில் போட்டுவிட்டு, மதிலில் குந்தியிருந்த காகத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“ரீச்சர்தானே? பேப்பரில எழுதுற ரீச்சர்?”

“ஓம், சொல்லுங்கோ” என்றேன். இப்படி யாராவது கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பொய் சொல்வானேன்? பாராட்டப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொள்வேன்.

“நீங்க எழுதினதை வாசிச்சுத்தான் ரீச்சர் நான் செய்தனான். இப்ப ஒருக்கா வந்து பாருங்கோ, என்ன நடந்திருக்கெண்டு.”

பாராட்டு இல்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கடைக்காரரிடம் சாமான் சொல்வது போல ஒரு குரல். அந்தக் குரல்தான் என்னைப் பயப்படுத்தியது. எங்கே இருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன். அரிப்புக் கிராமம் என்றாள். பெயர் ஜெசிந்தா. ஐந்து வயதில் ஒரு மகள்.

நான் என்ன எழுதினேன்? இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று கிழமைக்கு முன்னால், சின்னப் பிள்ளைகளுக்கு வகை பிரிக்கப் பழக்குவது எப்படி என்று பெரிய மேதாவி மாதிரி எழுதியிருந்தேன். முப்பது வருடம் நேசறிப் பள்ளிப் பிள்ளைகளோடு மாரடித்தவள் அல்லவா... புத்திமதி சொல்லாமல் இருக்க முடியுமா?

பிள்ளைக்கு வகை பிரிக்கப் பழக்க விலை கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவையில்லை என்று எழுதினேன். கொடியில் காய்ந்த உடுப்பைக் கொண்டுவந்து பிள்ளைக்கு முன்னால் கொட்டுங்கள். அம்மாவின் உடுப்பு ஒரு பக்கம், தம்பியின் உடுப்பு ஒரு பக்கம். அடுத்த நாள் கரண்டிகள். அதற்கடுத்த நாள் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சோகி. பிள்ளை தானாகப் பிரிக்கட்டும். வகைக்குப் பெயரும் பிள்ளையே வைக்கட்டும். நீங்கள் நடுவில் வாய் திறக்க வேண்டாம்.

இதையெல்லாம் நான் சும்மா சொல்லவில்லை. ஒருமுறை உப்புக்குளத்து நேசறியில் ஒரு பொடியனிடம் மிருகப் படங்களைக் கொடுத்து, தரையில் வாழ்வது எது, கடலில் வாழ்வது எது என்று பிரிக்கச் சொன்னேன். நண்டையும் மீனையும் ஒரு பக்கம் வைத்தான். கோழியையும் ஆட்டையும் மற்றப் பக்கம் வைத்தான். கெட்டிக்காரன் என்று நான் சொல்ல வாயெடுக்க, அவன் விளக்கம் சொன்னான்: “இது அப்பா பிடிக்கிறது. இது அம்மா துரத்திப் பிடிக்கிறது.” சரி, ஆமை? ஆமைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “இதைப் பிடிச்சா பொலிஸ் பிடிக்கும், ரீச்சர்.”

இந்தக் கதையைச் சொல்லி நான் எத்தனை கூட்டங்களில் கைதட்டு வாங்கியிருக்கிறேன்! பிள்ளைகள் பிரிக்கும் விதமே வேறு. நிறத்தைப் பார்க்க மாட்டார்கள், வடிவத்தைப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் என்ன நடக்கிறதோ அதை வைத்துத்தான் பிரிப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசிக்காமல், பேப்பரில் போட்டு எல்லார் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, உடுத்த சீலையோடு பஸ் ஏறினேன். மீன் காகத்துக்கே போயிருக்கும்.

கார்த்திகை மாத வானம். பாலம் தாண்டும்போதே தூறல் பிடித்துவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த முசலி ஊர்க்காரர் ஒருவர் இந்த முறை வயலுக்கு மழை காணும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனம் அங்கே இல்லை. என்னவாக இருக்கும்? பிள்ளை சிப்பியை விழுங்கிவிட்டதா? கரண்டியால் கண்ணில் குத்திக்கொண்டதா? என் புத்தி அவ்வளவுதான் போனது.

ஜெசிந்தாவுக்கு முப்பது வயது இருக்காது. வாசலில் நின்றிருந்தாள். “வாங்கோ ரீச்சர், இருங்கோ” என்று பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிளேன் ரீ வந்தது. வீடு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. இரண்டு வயதுப் பொடியன் ஒருவன் பாயில் நித்திரை. மூலையில், சுவரைப் பார்த்தபடி, ஒரு பெண் பிள்ளை. அவள்தான் ஷாமினி.

“பிள்ளை, ரீச்சர் வந்திருக்கிறா. வணக்கம் சொல்லுங்கோ” என்றாள் தாய்.

ஷாமினி திரும்பிப் பார்த்தாள். வணக்கம் சொன்னாள். திரும்பவும் சுவரைப் பார்த்தாள். ஐந்து வயதுப் பிள்ளை, புதிதாக ஓர் ஆள் வீட்டுக்கு வந்தால், பையில் என்ன இருக்கிறது என்றாவது கேட்க வேண்டாமா?

“நாலு நாளா இப்பிடித்தான். ஒண்டும் கேக்கிறாளில்லை” என்றாள் ஜெசிந்தா. “முந்தி இவளின்ர கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் நோகும்.”

பிறகுதான் மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னாள்.

அவளுடைய புருஷன் அன்ரன். கடல் தொழில். போன வருடம் சோளகக் காற்று ஓயும் நேரம், இன்னோர் ஆளோடு போட்டில் போனவர். மூன்றாம் நாள் போட் கிடைத்தது, கவிழ்ந்தபடி. ஐந்தாம் நாள் கூடப் போனவரின் உடல் கரை ஒதுங்கியது. அன்ரன் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை. பதினாலு மாதம்.

இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு என்ன வருமென்று. கதை வரும். அந்தப் பக்கம் இந்தியக் கரையில் ஏறியவராம், அங்கே சிறையில், மறியலில் இருக்கிறாராம், ஆரோ கண்டவையாம். ஆர் கண்டது என்று தேடிப் போனால், கண்டவரைக் கண்டவர்தான் இருப்பார். ஜெசிந்தா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில். பட்டியலில் பெயர் இல்லை. பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று அர்த்தமா? அதற்கும் ஒருவரும் உறுதி சொல்லவில்லை.

இதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. கத்தோலிக்கரான எங்களுக்கு இது மரித்தோர் மாதம். கோவிலில் இருந்து வீட்டுக்கு வீடு ஒரு என்வலப் வரும். உள்ளே ஒரு கடதாசி. அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால், பூசையில் வாசித்து, மாதம் முழுக்க அவர்களின் ஆத்துமத்துக்காக மன்றாடுவார்கள். போன வருடம் அந்தக் கடதாசியில் ஜெசிந்தா தன் மாமனார் மாமியாரின் பெயர்களை மட்டும் எழுதினாள். புருஷனின் பெயரை எழுதவில்லை.

பக்கத்து வளவில் இருப்பவ அன்ரனின் அக்கா பிலோமினா. தாய் வேளைக்கே செத்துப்போனதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவ. அன்று தொடக்கம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி உயர்ந்துவிட்டது. சோற்றுக் கோப்பை மட்டும் வேலிக்கு மேலால் போய்வந்தது.

“என்ர தம்பி உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து வேகிறான். ஒரு பூசை இல்லை, ஒரு மெழுகுதிரி இல்லை. உனக்கு நெஞ்சில ஈரமில்லையோ?” இது பிலோமினா. உத்தரிக்கிற ஸ்தலம் என்றால், மோட்சம் போகுமுன் ஆத்துமம் வெந்து சுத்தமாகக் காத்துக் கிடக்கும் இடம்.

“பேரை எழுதினா நானே அவரைக் கொண்டுபோய் மண்ணில தாட்ட மாதிரி, மச்சாள். நாளைக்கு வந்து நிண்டா என்ன முகத்தோட பாக்கிறது?” இது ஜெசிந்தா.

இரண்டு பேரில் ஆர் பிழை? நீங்களே சொல்லுங்கள். என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே மனிசனில் வைத்த பாசத்தில்தான் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வீட்டுக்குள்தான் என் கட்டுரை வந்து விழுந்தது. மீன் சுற்றி வந்த பேப்பராம். ஜெசிந்தா அதை நீவி எடுத்து வாசித்திருக்கிறாள். பிள்ளையோடு இருந்து கதைக்க நேரமில்லையே, இதையாவது செய்வோம் என்று நினைத்தாளாம். உடுப்பைக் கொட்டினாள். ஷாமினி ஒரு மணித்தியாலத்தில் அழகாகப் பிரித்துவிட்டாள். கரண்டியும் பிரித்தாள். சிப்பியும் பிரித்தாள்.

வகை பிரிக்கப் பழகின பிள்ளை அதோடு நிற்காது. இதையும் நான் எழுதியிருக்க வேண்டும். செருப்பைப் பிரிக்கும், சோற்றில் கிடக்கிற வெங்காயத்தைப் பிரிக்கும், கோவிலில் பின்வரிசை வாங்கில் இருந்துகொண்டு மொட்டை ஆக்கள், முடி ஆக்கள் என்று சனத்தைப் பிரிக்கும். உலகம் முழுக்கக் கலைந்து கிடக்கிறது, அடுக்கி வைக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அதுக்கு.

செவ்வாய்க்கிழமை ஷாமினி அலுமாரியில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்திருக்கிறாள். குடும்பப் படங்கள் இருக்கிற டின். பாயில் கொட்டி இரண்டாகப் பிரித்தாள். ஜெசிந்தா குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, “இது என்ன பிள்ளை?” என்று கேட்டிருக்கிறாள்.

“இது சோத்து ஆக்கள், அம்மா. நாங்கள் சோறு போட்டுக் குடுக்கிற ஆக்கள். நீங்க, நான், தம்பி, மாமி. இது மெழுகுதிரி ஆக்கள். சேமக்காலையில கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்துவம் எல்லே, அந்த ஆக்கள். தாத்தா, பெரிய தாத்தா.”

கையில் ஒரு படம் மிச்சம். கலியாணத்தன்று எடுத்தது.

“அப்பாக்குச் சோறும் போடுறேல்ல. மெழுகுதிரியும் கொளுத்துறேல்ல. அப்பா எதில, அம்மா?”

ஜெசிந்தா அடித்துவிட்டாள். கன்னத்தில். பிறந்த நாள் தொடக்கம் அந்தப் பிள்ளை வாங்கின முதல் அடி.

“என்ர கைதான் ரீச்சர். ஆனா எப்பிடிப் போனதெண்டு எனக்கே தெரியாது” என்று சொல்லிவிட்டு, அந்தக் கையைச் சீலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள்.

அன்று தொடக்கம் பிள்ளை ஒன்றையும் பிரிக்கவில்லை. ஒன்றையும் கேட்கவும் இல்லை. இதற்கிடையில் என்வலப் வந்து மேசையில் கிடக்கிறது. அடுத்த நாள் ஞாயிறு பூசையில் பெயர் வாசிப்பு. சனி பின்னேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

“நீங்க பழக்கச் சொன்னீங்கள், பழக்கினன். இப்ப அவளுக்கு என்ன பதில் சொல்லுறதெண்டும் நீங்களே சொல்லுங்கோ.”

பேப்பரில் எழுதுகிறவளுக்கு எதற்கும் பதில் இருக்க வேண்டுமே. எனக்கும் ஒன்று வந்தது. அந்த நேரத்தில் அது மிகப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

நான் ஷாமினிக்குப் பக்கத்தில் போய்ப் பாயில் குந்தினேன். என் முழங்கால் கிறீச்சிட்டது. அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதை கொடுத்தேன். படங்களைத் திரும்பக் கொட்டச் சொன்னேன். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் தலையாட்டினாள். பிறகு பிரித்தாள், அதே போல. சோத்து ஆக்கள். மெழுகுதிரி ஆக்கள். கலியாணப் படத்தை மட்டும் எடுக்காமல், டின்னுக்கு அடியிலேயே விட்டாள். அவ்வளவு கெட்டிக்காரி. அடி விழுகிற இடம் தெரிந்துவிட்டது.

நான் அதை எடுத்தேன். “பிள்ளை, எல்லாத்தையும் ரெண்டாத்தான் பிரிக்க வேணுமெண்டில்லை. மூண்டாவதும் வைக்கலாம். இது... இன்னும் தெரியாத ஆக்கள்.” என்று சொல்லி, டின்னின் மூடியைத் தனியாக வைத்து அதில் படத்தை வைத்தேன். ஜெசிந்தாவை ஒருமுறை பெருமையாகப் பார்த்ததும் உண்மை. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

ஷாமினி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது. நான்கு நாளைக்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது.

“அவையளுக்கு என்ன குடுக்கிறது, ரீச்சர்?”

“என்ன பிள்ளை?”

“சோத்து ஆக்களுக்குச் சோறு. மெழுகுதிரி ஆக்களுக்கு மெழுகுதிரி. தெரியாத ஆக்களுக்கு என்ன குடுக்கிறது?”

முப்பது வருடம், எத்தனை பயிற்சி வகுப்பு, எத்தனை சான்றிதழ்! ஒன்றும் உதவிக்கு வரவில்லை. வெளியில் மழை பலத்துவிட்டது.

பதில் சொன்னது ஜெசிந்தா.

“ஒண்டும் குடுக்கிறேல்ல, மகள். வருவினமெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்.”

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். தன் வாயில் இருந்து வந்ததைத் தானே கேட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். “பிள்ளைக்கு இந்த மூடி வேண்டாம், ரீச்சர். இதுக்குள்ள நான் பதினாலு மாசமா இருக்கிறன். மச்சாள் சொல்லுறா அவர் உத்தரிக்கிற ஸ்தலத்திலயாம். அவர் எங்க இருக்கிறாரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா நான் அங்கதான் இருக்கிறன். என்ர பிள்ளையையும் அதுக்குள்ள இழுத்து விட ஏலாது.”

மேசையில் இருந்த என்வலப்பை எடுத்தாள். கடதாசியை விரித்தாள். பேனை தேடினாள். என் பையில் இருந்தது, கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாமோ? இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிலோமினா வந்தா, தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, மழையில் ஓடி. என்வலப் சேர்க்கிற கடைசி நாள் என்று சண்டைக்குத்தான் வந்திருக்க வேண்டும். வாயும் திறந்தபடிதான் வந்தா. உள்ளே வந்தவ, ஜெசிந்தா பேனையோடு குனிந்திருப்பதைக் கண்டா. மாமனாரின் பெயரும் மாமியாரின் பெயரும் எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே ‘அ’ மட்டும் விழுந்திருந்தது.

“பொறு” என்றா பிலோமினா.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

“பொறடி ஜெசிந்தா... இந்த முறை விடு. வாற வருசம் எழுதுவம். நான் இனி ஒண்டும் கேக்க மாட்டன். விடடி.”

ஒரு வருடமாக எழுது எழுது என்று நின்ற மனிசி. ஓடிவந்து தாளைப் பிடித்துக்கொண்டா. ஈரக் கை பட்டு எழுத்து ஊறியது. அடுத்தவள் எழுதாமல் இருக்கும்வரைக்கும்தான் எழுது என்று கத்த முடியும் போலும். அவளுடைய மறுப்பில்தான் இவவுடைய நம்பிக்கையும் இத்தனை நாள் ஒளிந்து கிடந்திருக்கிறது. பாவம், அது இவவுக்கே தெரிந்திருக்காது.

ஜெசிந்தா சண்டை பிடிக்கவில்லை. மச்சாளின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள், குழந்தையின் கையில் இருந்து கத்தியை வாங்குகிற பக்குவத்தோடு. “எழுதுறன் மச்சாள். நீங்க சொன்னதுதான் சரி. பிள்ளை கேட்டிட்டாள்” என்றாள். எழுதினாள். முழுப் பெயரும் எழுதினாள். பிலோமினா நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்து அழுதா. “என்ர ராசா, என்ர ராசா” என்று அவ அழுத அழுகையில் பாயில் கிடந்த பொடியன் எழும்பி அவனும் அழுதான். பதினாலு மாதம் தள்ளி வந்த செத்தவீடு. பெட்டியும் இல்லை, பறையும் இல்லை. ஒரு வேலையும் இல்லாத நான் ஒருத்தி நடுவில்.

அழாதவள் ஜெசிந்தா ஒருத்திதான். கடதாசியை மடித்து என்வலப்பில் வைத்து, எச்சில் தொட்டு ஒட்டினாள். பிறகு மகளுக்கு முன்னால் குந்தினாள். அடித்த கன்னத்தைத் தடவினாள்.

“அப்பா மெழுகுதிரி ஆக்கள், மகள்.”

ஷாமினி தாயைப் பார்த்தாள். அழுகிற மாமியைப் பார்த்தாள். மூடியில் இருந்த படத்தை எடுத்தாள். அதில் மாப்பிள்ளையோடு பக்கத்தில் பொம்பிளையும் நிற்கிறாளே... அம்மா சோத்து ஆளல்லவா, பிள்ளை அதையும் யோசித்திருக்கிறாள். தாயின் முகத்தை ஒரு விரலால் மறைத்துப் பிடித்தபடி, படத்தைக் கொண்டுபோய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். விரலை எடுக்கவில்லை.

“சரியோ, ரீச்சர்?”

ஆயிரம் பிள்ளைகளுக்கு வெரி குட் சொன்ன வாய் இது. அன்றைக்கு நான் குனிந்து வெறும் மூடியை எடுத்து ஒதுக்கி வைத்தேன்.

ஜெசிந்தாதான் சொன்னாள்: “சரி, மகள். நீங்க கையை எடுங்கோ.”